பர்மாவில் இறந்த பூட்டன் பெயரை எங்கே தேடுவது?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பூட்டன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்ததாகச் சொல்கிறார்கள். பெயர் மட்டும்தான் தெரியும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் கேட்கலாமா?

பதில் 1: வேண்டாம். அங்கிருப்பவை தென், கிழக்கு இந்தியாவிலிருந்து மாற்றப்பட்ட கல்லறைகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்க, இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: நம்மாட்களுக்கு ஒற்றைப் பெயர், அது குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கும். முதல் பெயர்க் கட்டத்தை காலியாக விடுங்க. இனிஷியல் போடாதீங்க. கருப்பையாவுக்கே ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டல் உண்டு, எல்லாம் போட்டுப் பாருங்க. 'கூடுதல் தகவல்' பகுதியில் அப்பா, மனைவி, ஊர் பெயர் இருக்கலாம். மதுரை ஜில்லா 'மதுரா' (Madura) என்றிருக்கும். தேனி, திண்டுக்கல்லும் அன்று அதில்தான்.

கேள்வி கேட்டவர்: நன்றிண்ணே. சமாதி இருக்குமா?

பதில் 2: எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனிக் கல்லறை கிடையாது தம்பி. யாங்கோன் அருகே தாவ்க்கியானில் ரங்கூன் நினைவுச்சின்னம் இருக்கு, ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூரில் இறந்தவர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சின்னம். பதிவு கிடைத்ததும் அவருடைய படை எண்ணை (சர்வீஸ் நம்பர்) குறித்துக்கொள்ளுங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் ஆவணப் பிரிவுக்கு அந்த எண்ணோடு எழுதுங்க; வெறும் பெயரை வைத்து யாரும் தேட மாட்டார்கள்.