மார்கழிக் கோலம்: வீட்டிலும் கோயிலிலும் கடைத்தெருவிலும் பார்ப்பதைப் புள்ளிக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: அலசூர்வாசி

வணக்கம். மார்கழி முதல் தேதியிலிருந்து போகி வரை தினமும் ஒரு புதுக் கோலம் போட வேண்டும். அடுக்குமாடி வீடு. வாசலில் இருப்பது 2 அடிக்கு 2 அடி வழவழ டைல்ஸ் இடம்தான், அதைத் தாண்டினால் போகிற வருகிறவர்கள் மிதித்துவிடுவார்கள். கைப்பேசியில் தேடினால் திரும்பத் திரும்ப அதே மயில், அதே குடம். பார்த்துப் போடலாம், ஆனால் மனசு ஒட்டவில்லை. பாட்டிமார் போட்டது, கோயிலில் பார்த்தது, ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு லால்பாக், மார்க்கெட் என்று சுற்றும்போது கண்ணில் பட்டது, இவற்றிலிருந்து போட ஆசை. அங்கே பார்க்கும்போது நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து புள்ளி வைத்தால் கை நின்றுவிடுகிறது. எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் குறித்துக்கொள்ள வேண்டும், எத்தனை புள்ளி? 7, 9 புள்ளிக்குள் அடங்குவதாகச் சொன்னால் உதவியாக இருக்கும். விவரம் தெரிந்த அக்கா, மாமி, அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1: ஊடுபுள்ளி

ஒரு பொருளைப் பார்த்ததும் அதோட உருவத்தை மனசுல வாங்காதீங்க, எண்ணிக்கையை வாங்குங்க. 4, 8 வந்தா நேர்ப்புள்ளி, அதாவது ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த புள்ளி. 3, 6 வந்தா ஊடுபுள்ளி, அதாவது ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி. 5 வந்தா ரெண்டுலயும் அடங்காது. கை நிக்கறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த 5 தான். செம்பருத்தி, அரளி, ஒற்றை நந்தியாவட்டை எல்லாமே 5 இதழ். அதைப் பார்த்துட்டு வந்து 7 புள்ளி நேரா வெச்சா எங்கேயும் பொருந்தாது.

கே.ஆர். மார்க்கெட் போனா இங்கே சுகந்தராஜான்னு விக்கற சம்பங்கியை ஒண்ணு கையில எடுத்துப் பாருங்க. 6 இதழ், அது ஊடுபுள்ளி. காகிதப்பூ 3, அதுவும் ஊடுபுள்ளி. எந்த பார்க்கிலும் வேலியோரம் இருக்கற இட்லிப்பூவுக்கு 4 இதழ், அது நேர்ப்புள்ளி. குறிப்பேட்டுல "சம்பங்கி 6"ன்னு ஒரு வார்த்தை, ஒரு எண் போதும். அங்கேயே நின்னு முழுசா வரைய வேண்டாம், கூட்டத்துல முடியவும் முடியாது.

5 இதழ்தான் வேணும்னா புள்ளியை மறந்துட்டு வட்டம் எடுங்க. நூலை 15 செ.மீ. வெச்சு ஒரு வட்டம். அதே நூலை 17.6 செ.மீ. அளந்து வட்டத்து மேலேயே ஒவ்வொரு எட்டா வெச்சுக்கிட்டே போனா சரியா 5 இடம் கிடைக்கும். வேற அளவு வட்டம்னா ஆரத்தை 1.176ஆல பெருக்கிக்கோங்க. கண்மட்டத்துக்கு வெச்சா கடைசி இதழ் எப்பவும் ஒல்லியா வந்து நிக்கும்.

இப்போ முழுசா ஒண்ணு சொல்றேன். கன்னடக் கார்த்திகை கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில கடலைக்காய் பரிஷே, அதாவது கடலைக்காய்த் திருவிழா. மார்கழிக்குக் கொஞ்சம் முன்னாடி வர்றதால குடும்பத்தோட போயிட்டு வர்ற எல்லார் கையிலயும் கடலைக்காய்ப் பொட்டலம் இருக்கும். ரெண்டு பருப்பு இருக்கற காயை ஒண்ணு எடுத்து உத்துப் பாருங்க. ரெண்டு புள்ளி, சுத்தி ஒரு கம்பி (கோலக் கோடு), நடுவுல இடுப்பு ஒடுங்கி இருக்கும். கம்பி நடுவுல வெட்டிக்கிட்டா அது 8, வெட்டாம ஒடுங்கினா கடலைக்காய். கோலம் அங்கேயே இருக்கு.

7 புள்ளி 4 வரை ஊடுபுள்ளி வைங்க. 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. நடுப்புள்ளியில ஒரு சுழி. அதைச் சுத்தி இருக்கற 6 புள்ளியில ஒவ்வொண்ணையும், நடுவுலேர்ந்து வெளியே போற அதே நேர்க்கோட்டுல அடுத்த புள்ளியோட ஜோடி சேர்த்து ஒரு காய் போடுங்க. 6 காய் ஆச்சு. ரெண்டாவது சுத்துல மிச்சம் 6 புள்ளி இருக்கும். அது ஒவ்வொண்ணும் வெளிச்சுத்துல ரெண்டு புள்ளியைத் தொட்டுக்கிட்டு நிக்கும். நடுவுலேர்ந்து பார்த்தா எது வலப்பக்கமோ அதோட ஜோடி. 12 காய். இப்போ வெளிச்சுத்துல மூலைப் புள்ளி 6, பக்கப் புள்ளி 6 மிஞ்சும். பக்கத்துல பக்கத்துல இருக்கறதை ஜோடி சேர்த்தா 18 காய், கணக்கு முடிஞ்சது. மொத்தக் கோலமும் ராட்டினம் மாதிரி சுத்தற தோற்றம் வரும்.

தப்பு நடக்கற இடம் ஒண்ணே ஒண்ணு. ஆறுல ஒரு இடத்துல வலத்துக்குப் பதிலா இடப்பக்கப் புள்ளியை எடுத்துட்டா வெளிச்சுத்துல ரெண்டு புள்ளி ஜோடியில்லாம நிக்கும். அழிச்சுத்தான் போடணும்.

அளவு: புள்ளிக்குப் புள்ளி 7 செ.மீ. வெச்சா வரிசைக்கு வரிசை 6 செ.மீ. வைங்க. ரெண்டையும் 7 வெச்சா கோலம் நெட்டையா இழுத்துக்கும். இந்த அளவுல வெளி வளைவு சேர்க்காம 42 செ.மீ. அகலம்தான் வரும், உங்க டைல்ஸுக்குள்ள அடங்கி ஓரத்துல ஒரு கரை போடவும் இடம் இருக்கும்.

பதில் 2: மல்லேசுவரம் கம்பிக்கோலம்

மேலே சொன்னது அருமை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நாம் முதலில் இழந்துகொண்டிருக்கிறோம்.

பாட்டியிடம் பேனாவும் நோட்டும் கொடுத்து "போட்டுக் காட்டுங்க" என்று கேட்காதீர்கள். அவர்களுக்குக் கோலம் விரலில் இருக்கிறது, பேனாவில் தடுமாறுவார்கள். "மறந்துபோச்சும்மா" என்று சொல்லிவிடுவார்கள், நாமும் விட்டுவிடுவோம். அதற்குப் பதில் ஒரு பெரிய தட்டிலோ மேசையிலோ அரிசி மாவைக் கொடுங்கள். குனிய முடியாதவர்களுக்கு மேசைதான் சரி. கைப்பேசியை நேர் மேலே பிடித்து வீடியோ எடுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் கையே கோலத்தை மறைத்துவிடும்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். எத்தனை புள்ளி, எதுவரை, நேரா ஊடா? எந்தப் புள்ளியில் கம்பியைத் தொடங்க வேண்டும்? எங்கே தப்பு வரும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஊடுபுள்ளியைச் சிலர் இடுக்குப்புள்ளி என்பார்கள், சிலர் சந்துப்புள்ளி என்பார்கள். அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டியிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம், அவர்கள் புள்ளியைச் சுக்கி என்பார்கள். கணக்கு ஒன்றுதான்.

அடுத்தது புடவை பீரோ. பட்டுப்புடவைக் கரை ஒவ்வொன்றும் தயாராக இருக்கும் ஓரக் கோலம். தாழம்பூ ரேக்கு என்கிற வங்கி வங்கியான (முக்கோண முக்கோணமாக ஏறி இறங்கும்) கரையை நேர்ப்புள்ளி 2 வரிசையில் போடலாம். மேல் வரிசையில் ஒரு புள்ளி, கீழ் வரிசையில் அடுத்த புள்ளி என்று மாற்றி மாற்றி இணைத்துக்கொண்டே போனால் போதும். மூலை திரும்பும் இடத்தில் பாதி வங்கி மிஞ்சாமல் இருக்க, கரையை மூலையிலிருந்து தொடங்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்து இரண்டு புறமும் போட்டு மூலையில் ஒரு இலையால் மூடுங்கள். கோபுரக் கரை, முத்துக் கட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை.

பசவனகுடி, மல்லேசுவரம் பக்கம் நடந்தால் இடிக்காமல் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் ஜன்னல் கம்பியையும், ஜன்னலுக்கு மேல் கூம்பாக நிற்கும் மங்கி டாப் மரச்சட்டத்தையும் பாருங்கள். முழு ஜன்னலை எடுக்க வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது 4 பக்கமும் ஒத்திருந்தால் நேர்ப்புள்ளி 5க்கு 5 போதும்.

வழவழ டைல்ஸில் வெறும் கல்மாவு வழுக்கிக்கொண்டு ஓடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு முழுசாகக் காய்வதற்கு முன் போடுங்கள். இரண்டு பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு கலந்தால் விரலிலிருந்து சீராக இறங்கும். அரிசி மாவு மட்டும் என்றால் டிசம்பர் விடியற்காலை ஈரத்துக்கு விரலிலேயே அப்பிக்கொள்ளும். வாசலில் வயதானவர்கள் நடப்பார்கள் என்றால் கோலத்தைக் கதவின் ஒரு ஓரமாகத் தள்ளிப் போடுங்கள். காய்ந்த டைல்ஸில் சிந்திய கல்மாவு நன்றாகவே வழுக்கும்.

பதில் 3: படிக்கோலம் மாமி

குழந்தே, கோயில் விஷயம் நான் சொல்றேன். மார்கழிக்குக் கரு தேடவே வேண்டாம். திருப்பாவை 30 பாசுரம், நாளைக்கு ஒண்ணு. அன்னிக்குப் பாசுரத்துல வர்ற பொருளைப் போடு. 3ஆம் பாசுரத்துல வயல்ல துள்ளற கயல். 4ல மழை, சக்கரம், வலம்புரி, வில். 14ல புழக்கடைக் குளத்துல செங்கழுநீர் விரியறது, ஆம்பல் கூம்பறது. இதை 7 புள்ளி 4 வரைக்குள்ளேயே போடலாம்: நடுவுல விரிஞ்ச 6 இதழ், 6 மூலையிலயும் கூம்பின மொட்டு. 26ல சங்கு, விளக்கு, கொடி. 27ல சூடகம், தோடுன்னு நகை வரிசை. சிவன் கோயில் வழக்கம் இருக்கறவா திருவெம்பாவை 20 பாட்டை எடுத்துக்கலாம்.

சாமி முகத்தை மட்டும் வாசல்ல போடாதே. நடக்கற இடம், கால் படும். சங்கு, சக்கரம், வேல், தாமரை எதுவும் வாசலைத் தாண்டாத மாதிரி உள்தள்ளிப் போடு. பூஜையறையில போட ஹிருதய கமலம் இருக்கே. 8 திசை, திசைக்கு 5 புள்ளி. முதல் திசையில 1, அடுத்ததுல 4, அப்புறம் 2, 5, 3, திரும்பவும் 1ன்னு திசைக்கு ஒண்ணா இணைச்சுண்டே போனா 40 புள்ளியையும் தொட்டுட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே வரும்.

வெள்ளிக்கிழமைக்குப் படிக்கோலம் (புள்ளியில்லாம கோடு கோடா இழுக்கறது), மாக்கோலமா. ஒரு கைப்பிடி பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவெச்சு மையா அரைச்சுப் பால் பதத்துக்குக் கரை. கொரகொரன்னு இருந்தா மாவு துணியிலேயே தங்கி வெறும் தண்ணிதான் இறங்கும். சின்னத் துணியை நனைச்சு உள்ளங்கையில பிடிச்சு மோதிர விரல் வழியா விடணும். போடும்போது மங்கலாத்தான் தெரியும், பயந்துண்டு மறுபடி மேல மேல இழைக்காதே. காய்ஞ்சா பளிச்னு வெளுக்கும். நல்ல நாளில் ஒற்றை இழையில விடக் கூடாது, இரட்டை இழை. ஓரத்துல காவி.

அரசமரத்து மேடையில வரிசையா நாகக்கல் இருக்குமே, இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சுத்தி வர்றச்சே ஒரு கல்லை நின்னு பாரு. ரெண்டு பாம்பு பின்னிண்டு நிக்கும், நடுவுல சின்னச் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியை எண்ணு, அதுதான் புள்ளி. நெட்டுக்க ஒரே வரிசையில 5 புள்ளி வெச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறி நெளிச்சா அந்தப் பின்னல் அப்படியே வந்துடும். மேலயும் கீழயும் மூடினா சிக்குக் கோலம், மேலே திறந்து விட்டா ரெண்டு தலை.

கோயிலுக்குள்ள படம் எடுக்க விடலேன்னா வாக்குவாதம் பண்ணாதே. எண்ணிண்டு வந்து வெளியில செருப்பு போடற இடத்துல எழுதிக்கோ.

அலசூர்வாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கடலைக்காயைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், 18 காயும் வந்துவிட்டது. மாமி சொன்ன நாகப் பின்னலில் ஒரு சந்தேகம். ஒரு வரிசை போட்டால் ஒரே கம்பியாக முடிகிறது. அதையே 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று விரித்தால் தனித்தனியாக நான்கு கம்பி வருகிறது. கை தவறா, புள்ளி தவறா?

பதில் 4: ஊடுபுள்ளி

கை தப்பில்லீங்க, கணக்கே அதுதான். நேர்ப்புள்ளியில எல்லா ஜோடிப் புள்ளிக்கு நடுவுலயும் கம்பி வெட்டிக்கற மாதிரி போட்டா, நீளம் அகலம் ரெண்டையும் மீதியில்லாம வகுக்கற பெரிய எண் எதுவோ அத்தனை கம்பி வரும். 4க்கு 4னா 4. 4க்கு 6னா 2. 3க்கு 5, 4க்கு 5, 5க்கு 7 எல்லாம் ஒரே கம்பி. மாமி சொன்னது 1க்கு 5, அதான் ஒண்ணுல முடிஞ்சுது.

4க்கு 4ஐயே ஒரே கம்பியாக்கணும்னா ரெண்டு வேற வேற கம்பி வெட்டிக்கற ஒரு இடத்துல, வெட்ட விடாம ரெண்டையும் வளைச்சுத் திருப்பி விடுங்க. அந்த ரெண்டும் சேர்ந்து ஒண்ணாயிடும். இப்படி 3 இடத்துல செஞ்சா நாலும் ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் வேற வேற கம்பிதானான்னு விரலால ஓட்டிப் பார்த்துட்டுச் செய்யுங்க. ஒரே கம்பி தன்னையே வெட்டற இடத்துல திருப்பினா சில சமயம் ரெண்டாப் பிரிஞ்சுடும். ஆனா 3 திருப்பம் வந்ததும் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அது கண்ணை உறுத்தினா 4க்கு 5 வெச்சுக்கோங்க. புள்ளிக்குப் புள்ளி 8 செ.மீ.ன்னா வெளி வளைவோட சேர்த்து 32க்கு 40 செ.மீ. வரும், உங்க டைல்ஸுல தாராளமா அடங்கும்.