பொருள்: ஓத்தோ வெள்ளிக்காசு – ‘ஃபூரே’வுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கி.பி. 69 ஜனவரி 15 முதல் ஏப்ரல் 16 வரை மட்டுமே ரோமை ஆண்ட ஓத்தோவின் தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகளை விவரிக்கும்போது ‘ஃபூரே’ என்ற சொல் தவிர்க்க முடியாமல் வருகிறது. செம்பு வில்லையில் வெள்ளித்தகட்டைச் சுற்றி, சூடாக்கி ஒட்டவைத்து, அச்சில் அடித்த காசு அது. ‘முலாம் பூசிய காசு’ என்பது பொருந்தாது. முலாம் பூச்சு, இது தகடு. வெள்ளி 962 பாகை செல்சியசிலும் செம்பு 1085-இலும் உருகும். இரண்டும் தொடும் இடமோ ஏறத்தாழ 780-இலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும்; ஒட்டவைக்கத் தனியாகப் பற்றாசு வேண்டாம். ‘பொதிகாசு’ என்று முன்வைக்கிறேன்.

—

ஐயா, நல்ல சொல். ‘கள்ளக்காசு’ என்று எழுதுவதைவிட இது மேல். சில பொதிகாசுகள் அரசு நாணயச்சாலையிலேயே அடிக்கப்பட்டனவா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

வரையறையோடு கண்டறியும் முறையும் வேண்டும். ஓத்தோ காசில் முதலில் தேய்வது அவர் தலையுருவத்தில் உள்ள பொய்முடியின் சுருள் வரிசை. செம்பு அங்கேதான் எட்டிப்பார்க்கும். அடுத்து விளிம்பு: தகட்டின் மடிப்பு, பச்சைக் களிம்பு. மூன்றாவதாக அடர்த்தி: பேரரசர் நீரோ கி.பி. 64-இல் காசில் வெள்ளியைச் சுமார் 80 விழுக்காடாக்கிய பிறகு நல்ல தெனாரியசின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.1 கிராமை ஒட்டி வரும். பொதிகாசு பெரும்பாலும் 9.5-க்குக் கீழே நிற்கும். காசைக் காற்றிலும் நீரில் மூழ்கவைத்தும் எடைபோட்டு அடர்த்தியைக் கணக்கிடும்போது, 3.4 கிராம் காசு நீரில் 0.34 கிராம்தான் இழக்கும் என்பதால் 0.01 கிராம் பிழையே அடர்த்தியை 0.3 மாற்றிவிடும். 0.001 கிராம் தராசு தேவை. காற்றுக்குமிழி ஒட்டினால் நல்ல காசும் பொதிகாசாகத் தெரியும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஒரு சொட்டுச் சோப்புக்கரைசல் விடுங்கள். உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவியை மட்டும் நம்ப வேண்டாம், அது மேல்தோலைத்தான் படிக்கும்.

—

‘பொதி’ என்றதும் மூட்டை நினைவுக்கு வரும் என்பது என் தயக்கம். ஆனால் மாற்றாக நான் எண்ணிய ‘தகடுறைக்காசு’ நாவில் தடுக்குகிறது. ஆகவே பொதிகாசுக்கே என் ஆதரவு. உறுப்புகளுக்கு ‘உள்வில்லை’, ‘மேல்தகடு’ போதும். ‘முலாம்’ என்ற சொல்லையும் கைவிடாதீர்கள்: பேரரசர் அவுரேலியன் கி.பி. 274-இல் சீர்திருத்திய காசுகளில் கலவையிலேயே 5 விழுக்காடு அளவில் வெள்ளி உண்டு, மேலே மெல்லிய வெள்ளிப்பூச்சு. அவற்றைப் பொதிகாசு என்று எழுதினால் பிழை.