குச்சிதானே வந்திருக்கிறது?

குழு: நம் வீடு

வெள்ளிக்கிழமை

அகிலா, 6:40
நாற்று வந்துவிட்டது. மொத்தம் ஆறு. படம் போடுகிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

அகிலா, 6:41
📷

முரளி, 6:43
அக்கா, துடைப்பக்கட்டு வாங்கினாயா?

அப்பா, 6:50
இலை எங்கே? மண் எங்கே? குச்சிதானே வந்திருக்கிறது?

அகிலா, 6:52
இது ‘பேர் ரூட்’ (bare root), அதாவது மண்ணில்லாத வெறும் வேர் நாற்று அப்பா. குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது தோண்டி எடுத்து, வேரில் இருக்கும் மண்ணை உதறிவிட்டு அனுப்புவார்கள். தொட்டியில் வரும் கன்றைவிட விலையும் குறைவு, எடையும் குறைவு.

அப்பா, 6:53
என்ன மரம் என்றாய்?

அகிலா, 6:53
ஹனி லோகஸ்ட்.

அப்பா, 6:55
தேன் வெட்டுக்கிளியா?

முரளி, 6:55
😂😂

பெரியப்பா, 7:10
தம்பி, வெட்டுக்கிளிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கேரப் மரத்தின் நெற்றை அந்தக் காலத்திலிருந்தே லோகஸ்ட் என்பார்கள். அதைப் போல நீள நெற்று காய்க்கும் மரங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த மரத்து நெற்றுக்குள் சதை இனிக்கும், ஹனி என்று பெயர் வந்தது அதனால்தான். கொடுக்காப்புளியை நினைத்துக்கொள். முள்ளும் இனிப்பும் ஒரே மரத்தில்.

அம்மா, 7:12
முள்ளா? பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்திலா வைக்கப் போகிறாய்?

அகிலா, 7:13
முள்ளில்லாத வகை என்றுதான் போட்டிருந்தது அம்மா.

சித்தி, 7:20
இங்கே ஆஸ்திரேலியாவில் இதைக் களை என்கிறார்கள். மாடு நெற்றைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுவிடுகிறது. ஓடைக்கரை முழுக்க முள் வேலி மாதிரி நிற்கிறதாம்.

பெரியப்பா, 7:24
அங்கே அப்படித்தான். இந்த மரத்துக்குச் சொந்த இடம் வட அமெரிக்காவின் நடுப்பகுதி, மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அகிலா இருப்பது அதன் பிறந்த வீட்டில், அதனால் கவலை வேண்டாம். முள் கதையை அப்புறம் பேசுவோம். அகிலா, முதலில் இதைச் சொல். வேர் இப்போது எப்படி இருக்கிறது?

அகிலா, 7:26
ஈரக் காகிதத் துண்டுகளைச் சுற்றி பிளாஸ்டிக் பையில் வந்தது. பை கராஜில் இருக்கிறது. நாளைக்கு நட முடியாது பெரியப்பா, இவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்.

பெரியப்பா, 7:31
ஞாயிறு வரை தாங்கும். ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பையைத் திரும்பக் கட்டிவிடு. வெயில் படக் கூடாது, உறையவும் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போகும் என்றால் நிழலில் ஒரு பள்ளம் வெட்டி, கட்டைச் சாய்த்து வைத்து, வேரை மண்ணால் மூடி நனைத்து வை.

பெரியப்பா, 7:44
ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முதல் தடவை நான் வாங்கிய எட்டில் ஐந்து போய்விட்டன. நல்ல காற்று அடித்த நாள். எட்டையும் புல் மேல் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு குழியாக நிதானமாகத் தோண்டினேன். காற்று எனக்கு இதமாக இருந்தது, வேருக்கு அல்ல. நூல் மாதிரி இருக்கிறதே, அந்த வேர்தான் தண்ணீர் குடிக்கும் வேர். சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கடைசி நாற்றைக் கையில் எடுத்தபோது வேர் பழைய சணல் கயிறு மாதிரி மொறமொறத்தது. அப்படியும் நட்டேன். பிழைத்த மூன்று எவை தெரியுமா? முதலில் நட்ட மூன்று.

முரளி, 7:46
நாற்று விற்ற ஆளை நீங்கள் திட்டியதாகப் பெரியம்மா சொன்னார்களே.

பெரியப்பா, 7:47
திட்டினேன். தப்பு என்னுடையது என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை

அகிலா, 8:05
வேர்களை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

பெரியப்பா, 8:09
இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடாதே, வேருக்கும் மூச்சு வேண்டும். ஊறுகிற நேரத்தில் ஆறு குழிகளையும் தோண்டி முடித்துவிடுங்கள். வாளியிலிருந்து நேரே குழிக்கு, நடுவில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது.

அப்பா, 8:15
மூன்றடி ஆழம் தோண்டி அடியில் எரு போடு. தென்னைக்கு அப்படித்தான் தோண்டுவோம்.

பெரியப்பா, 8:18
தம்பி, தென்னை வேறு, இது வேறு. வேர் எவ்வளவு ஆழமோ குழியும் அவ்வளவுதான். அகலம் மட்டும் வேர் விரியும் பரப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு. அடி மண்ணைக் கிளறிவிட்டால் அது பிறகு அமுங்கும், கன்றும் கூடவே இறங்கிவிடும். எருவும் வேண்டாம். குழிக்குள் மட்டும் மெத்தை விரித்தால் வேர் ஏன் வெளியே போகும்? அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடட்டும். முதல் வருடம் உரமும் கிடையாது.

அப்பா, 8:19
சரி, நீங்கள் சொன்னால் சரி.

அகிலா, 11:20
📷
நடுவில் சின்ன மண்மேடு வைத்து, அதன் மேல் வேரைக் குடை மாதிரி விரித்திருக்கிறோம்.

பெரியப்பா, 11:24
அழகு. இடது பக்கம் ஒரு வேர் ஒடிந்து தொங்குகிறது பார். ஒடிந்த இடத்துக்கு மேலே கத்தரியால் சுத்தமாக நறுக்கிவிடு. நீளமாக இருக்கிறது என்பதற்காக நல்ல வேரை வெட்டாதே, குழியை அகலப்படுத்து. இப்போது மண்வெட்டிக் காம்பைக் குழியின் குறுக்கே படுக்க வை. தண்டு முடிந்து வேர் பிரியத் தொடங்கும் இடம் காம்பின் மட்டத்தில் இருக்கிறதா?

அகிலா, 11:27
நாலு விரல் கீழே இருக்கிறது.

பெரியப்பா, 11:28
தூக்கு. மேட்டில் இன்னும் மண் போட்டு உயர்த்து. தண்டு புதைந்தால் பட்டை மெல்ல அழுகும், இன்று தெரியாது. நாலைந்து வருடம் நன்றாக நின்ற மரம் திடீரென்று வாடும்போதுதான் தெரியும்.

அம்மா, 12:40
இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா?

அகிலா, 12:55
இன்னும் இரண்டு குழி அம்மா.

அகிலா, 2:50
முடிந்தது! பாதி மண் போட்டதும் தண்ணீர் விட்டேன். மண் குழைந்து இறங்கும்போது குழிக்குள்ளிருந்து புடுக் புடுக் என்று காற்று வந்தது. அது நின்ற பிறகு மீதி மண்.

பெரியப்பா, 2:58
அந்தக் காற்று வெளியே வரத்தான் தண்ணீர். ஏறி மிதிக்கவில்லையே? சரி, மரச்சிராய் இருந்தால் மூடாக்குப் போடு. ஒரு விரல் நீளத்துக்குக் கனமாக, அகலமாகப் பரப்பு. தண்டைத் தொடக் கூடாது, ஒரு சாண் இடம் விடு. சிலர் தண்டைச் சுற்றி மலை மாதிரி குவிக்கிறார்கள், பார்த்தாலே எரிச்சல் வரும்.

முரளி, 3:01
முட்டுக் கம்பு வேண்டாமா?

பெரியப்பா, 3:03
சாய்ந்தால் மட்டும். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். கட்டினாலும் தளர்வாகக் கட்டி ஒரு வருடத்தில் அவிழ்த்துவிட வேண்டும். கம்பைவிட முக்கியம் முயல். சுற்றிலும் கம்பி வலை போட்டுவிடு. ஒரே ராத்திரியில் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் கன்று அதோடு சரி.

ஐந்து வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை

அகிலா, 7:15
பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் முழுக்கப் பச்சை. தெருவே பச்சை. என்னுடைய ஆறும் இன்னும் குச்சி. எல்லாம் செத்துவிட்டன என்று நினைக்கிறேன்.

அப்பா, 7:17
அன்றைக்கே கேட்டேன், குச்சிதானே என்று.

பெரியப்பா, 7:30
ஹனி லோகஸ்ட் தூங்குமூஞ்சி. வளர்ந்த மரமே மற்ற மரங்களுக்குப் பின்னால்தான் துளிர்க்கும். நட்ட வருடம் இன்னும் மெதுவாக விழிக்கும். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்.

அகிலா, 7:41
ஐந்தில் உள்ளே பச்சை, ஈரமாகவும் இருக்கிறது. ஒன்றில் நுனி பழுப்பு, ஒரு சாண் கீழே பச்சை.

பெரியப்பா, 7:43
அப்படியானால் ஆறும் உயிரோடு இருக்கின்றன. நுனி காய்ந்ததை இப்போது வெட்டாதே. துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே வெட்டலாம். ஒரு கேள்வி. பயத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாயா?

அகிலா, 7:52
கொஞ்சம்.

முரளி, 7:52
காலையும் மாலையும் 🙂

பெரியப்பா, 7:55
இலை இல்லாத கன்று என்ன குடிக்கும்? மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் விடு. ஈரம் தட்டுப்பட்டால் குழாயைத் தொடாதே. இலை வந்த பிறகு, கோடையில், வாரம் ஒரு முறை ஆழமாக நனைந்தால் போதும். மழை பெய்தால் அதுவும் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை

அகிலா, 6:58
📷📷📷
ஆறும்!!!

அம்மா, 7:02
புளிய இலை மாதிரியே இருக்கிறதே!

பெரியப்பா, 7:05
தூரத்து உறவுதான், இரண்டும் அவரைக் குடும்பம்.

அப்பா, 7:10
இந்தப் பொடி இலை நிழல் தருமா அண்ணா?

பெரியப்பா, 7:16
சல்லடை நிழல் தரும். மேப்பிள் அடியில் இருட்டில் புல் செத்துவிடும், இதற்கு அடியில் நன்றாக வளரும். 15, 20 மீட்டர் வளர்ந்த மரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி உதிரும். பொடி இலை புல்லுக்குள்ளேயே போய்விடும், வாரிக் கொட்டுகிற வேலை குறைவு. வறட்சி தாங்கும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பையும் தாங்கும். அதனால்தான் நகரத்துத் தெருக்களில் நிறைய வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி வைத்துவிட்டார்கள் என்றும் சொல்வேன், பூச்சி வந்தால் தெருவோடு வரும்.

ஆகஸ்ட், சனிக்கிழமை

அகிலா, 5:30
📷
மூன்றாவது கன்றில் இது என்ன?

முரளி, 5:31
முள்!

அம்மா, 5:31
நான் அன்றைக்கே கேட்டேன்.

பெரியப்பா, 5:48
அப்புறம் பேசுவோம் என்றேனே, அது இதுதான். உன்னுடையவை விதை போட்டு முளைத்த நாற்று. முள்ளில்லாத மரத்து விதையாக இருந்தாலும் சில பிள்ளைகள் பாட்டன் முகத்தோடு பிறக்கும். ஸ்கைலைன், ஷேட்மாஸ்டர் என்று பெயர் போட்டு விற்பவை ஒட்டுக் கட்டியவை, அவற்றில் முள் வராது. அதிலும் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை விட்டால் முள்தான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதற்கு வைத்த டிரையகாந்தோஸ் என்ற பெயருக்கே மூன்று முள் என்றுதான் அர்த்தம். முற்றிய மரத்தில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக வரும், கார் டயரையே குத்திவிடும்.

முரளி, 5:50
இவ்வளவு பெரிய முள் யாரைக் குத்த?

பெரியப்பா, 5:54
யானை மாதிரி மாஸ்டடான் என்று ஒன்று அங்கே திரிந்தது. அது பட்டையை உரிக்காமல் இருக்க முள், நெற்றைத் தின்று விதையைப் பரப்ப இனிப்பு என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாஸ்டடான் போய் 10,000 வருடத்துக்கு மேல் ஆகிறது, முள் இன்னும் காவல் நிற்கிறது.

அம்மா, 5:56
அந்த மூன்றாவது கன்று ஊஞ்சல் பக்கமா நிற்கிறது?

அகிலா, 5:57
ஆமாம் அம்மா. நேர் பக்கத்தில்.

பெரியப்பா, 6:02
அங்கே வேண்டாம். இப்போது தொடாதே, இலை கொட்டி உறங்கிய பிறகு தோண்டிக் கொல்லைக் கோடியில் வைத்துவிடு. இன்னும் சின்னக் கன்றுதான், தாங்கும்.

அப்பா, 6:05
அகிலா, புதுக் குழியை முதலில் தோண்டி வை. கன்றை எடுத்ததும் வேரை நேரே வாளியில் போடு. புல் மேல் வைக்காதே, காற்று பட்டால் போயிற்று.

அகிலா, 6:06
சரி அப்பா. குழி மூன்றடியா?