பல்லாடியோவின் வில்லாக்களில் மாளிகையோடு களஞ்சியத்தைச் சேர்த்துக் கட்டியது ஏன்?

கட்டடக்கலை மாணவி:
இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் அந்திரேயா பல்லாடியோ 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய வில்லாக்களின், அதாவது நாட்டுப்புற மாளிகைகளின், தரைப்படங்களைப் பார்த்து வருகிறேன். நடுவில் பழைய ரோமானியக் கோயிலை ஒத்த முகப்பு நிற்க, அதன் இரு பக்கமும் ஏரும் வைக்கோலும் வைப்பதற்கான நீண்ட தாழ்வாரங்கள் ஓடுகின்றன. ஓய்வெடுக்கக் கட்டிய மாளிகையில் வெனிஸ் பிரபுக்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள்? மாட்டுத் தொழுவமும் அருகிலேயே இருந்ததா?

பழங்கணக்கு:
அவற்றுள் பெரும்பாலானவை பண்ணை வீடுகள், அம்மா. கடல் வணிகத்தை மட்டும் நம்பியிருக்க இயலாத நிலையில் வெனிஸ் செல்வந்தர்கள் நிலத்தில் பணம் போட்டார்கள். சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்குவதற்கென்றே வெனிஸ் குடியரசு 1556-இல் தனி அதிகார அமைப்பை ஏற்படுத்தியது.

தாழ்வாரத்துக்கான காரணத்தை, 1570-இல் வெளியான தமது நூலில் பல்லாடியோவே சொல்கிறார்: மழையோ கோடை வெயிலோ தடுக்காமல் சொந்தக்காரர் கூரைக்கடியிலேயே நடந்து தம் வேலைகளை மேற்பார்க்க வேண்டும். உழவு மாடுகளின் தொழுவத்தை, எருக்குவியலை முன்னிட்டு, வீட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறார். போரடிக்கும் களமோ தூசு வீட்டுக்குள் வராத அளவுக்குத் தள்ளியும், கண்ணுக்குத் தப்பாத அளவுக்கு அருகிலும் இருக்க வேண்டுமாம். நெல் அடித்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். வில்லா சரசேனோவில் தானியக் களஞ்சியம் வசிப்பறைகளுக்கு மேலேயே அமைந்துள்ளது.

செங்கல்சூளை:
முந்தைய மறுமொழியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த வில்லாக்களின் கம்பீரம் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும்தான். பல தூண்கள்கூடச் செங்கல்லால் எழுப்பிப் பூசப்பட்டவை. செலவைக் கட்டுக்குள் வைத்த இந்தச் சிக்கனத்தை, முகப்பின் அழகைவிட நான் பெரிதாக மதிக்கிறேன்.

மசேரில் உள்ள வில்லா பார்பரோவின் நீரோட்டத்தையும் கவனியுங்கள். வீட்டின் பின்புறம் குன்றில் ஊறும் சுனைநீர் முதலில் சிறு மீன்குளமாகத் தேங்குகிறது. அங்கிருந்து சமையலறைக்குள் ஓடி, பிறகு தோட்டங்களை நனைத்து, பொதுச் சாலையோரத்தில் தண்ணீர்த் தொட்டிகளுடன் கூடிய இரண்டு மீன்குளங்களை நிரப்பி, கடைசியில் பெரிய பழத்தோட்டத்துக்குப் பாய்கிறது. உள்ளே வெரொனேசேயின் சுவரோவியங்களைப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் இந்த வாய்க்காலைக் கவனிக்கிறார்களோ! கட்டடத்தின் இரு பக்கச் சிறகுகளின் முனையிலும் இருப்பவை புறாமாடங்கள். புறா கறிக்கும் அதன் எச்சம் எருவுக்கும் பயன்பட்டன.

தென்திசை:
இருவரும் சொந்தக்காரரின் வசதியைச் சொன்னீர்கள். ஆனால் களமும் தாழ்வாரமும் அவர் கண்ணில் படுமாறு அமைந்தன என்றால், அங்கே உழைத்த குடியானவர் நாள் முழுதும் கண்காணிப்பில் இருந்தார் என்பதே பொருள். சமச்சீரான அந்த அமைப்பில் மேற்பார்வையும் அடங்கியிருந்தது.

கட்டடக்கலை மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் விச்சென்சா நகரின் புகழ்பெற்ற ரோத்தொந்தா வில்லாவில் ஏன் தாழ்வாரங்கள் இல்லை?

பழங்கணக்கு:
அது பண்ணைக்காகக் கட்டியதன்று. ரோமில் திருச்சபைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பாவோலோ அல்மேரிகோவுக்காக நகரையொட்டிய குன்றின் மேல் எழுந்த அந்த வீட்டை, பல்லாடியோ தம் நூலில் வில்லாக்களோடு சேர்க்காமல் நகர மாளிகைகளோடுதான் வைத்தார். பின்னர் அதை வாங்கிய காப்ரா குடும்பத்தினர் விவசாயக் கட்டடம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.