4 ஜிபி ராமில் குரோம் திணறுகிறது: எந்த எக்ஸ்டென்ஷனை வைப்பது, எதைத் தூக்குவது?

மன்னை_சேவை:
மன்னார்குடி பக்கம் பொதுச் சேவை மையம். விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். சம்பா பயிர்க் காப்பீடு ஆரம்பிச்சா சிட்டா, அடங்கல், காப்பீடு மூணு பக்கமும் நாள் முழுக்கத் திறந்தே இருக்கணும். குரோம்ல 11 எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல சேர்க்கற கூடுதல் நிரல்) இருக்கு, டேப் மாத்தினாலே நிக்குது. விளம்பரம் தடுக்கற யுபிளாக் ஆரிஜின் தானாவே அணைஞ்சிடுச்சு. ஜிஎஸ்டி டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யுஎஸ்பி டோக்கனுக்கு ஜாவா பிளகின் போடணும்னு பழைய கையேட்டுல இருக்கு. அது எங்க கிடைக்கும்?

குடந்தை_கணினி:
முதலில் எது தின்கிறது என்று பாருங்கள். குரோமில் ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் பெரியது மேலே வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கும். கூப்பன், வானிலை, வால்பேப்பர் வகையறாவை யோசிக்காமல் நீக்குங்கள்.

மிஞ்சுவதற்கு அனுமதியைக் குறையுங்கள். மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் டீடெயில்ஸ் திறந்து, 'ஆன் ஆல் சைட்ஸ்' என்றிருப்பதை 'ஆன் கிளிக்' ஆக்குங்கள். எல்லாத் தளத்தையும் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், நீங்கள் தட்டும் ஆதார் எண்ணையும் படிக்க முடியும். இன்று நல்லதாக இருப்பது நாளை கைமாறலாம். டேப்களைத் தூங்கவைத்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' அப்படித்தான் வேறு கைக்குப் போனது. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. அந்த வேலைக்கு இப்போது செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸில் மெமரி சேவரே இருக்கிறது. காப்பீட்டுத் தளத்தை மட்டும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். தூங்கிய டேப் திரும்ப லோடாகும்போது லாகின் போய்விடலாம்.

விவசாயி தன் கணக்கில் நுழைய வேண்டுமென்றால் கெஸ்ட் விண்டோ திறந்து கொடுங்கள். அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது, மூடியதும் லாகின், குக்கி, பார்த்த பக்கங்களின் பட்டியல் எல்லாம் அழியும்.

ஐயாறு_நெட்:
யுபிளாக் விஷயம்: அது மேனிஃபெஸ்ட் வி2ங்கற பழைய விதிமுறைல எழுதினது, அந்த வகை எக்ஸ்டென்ஷன்களை குரோம் 2025-ல் முழுசா நிறுத்திடுச்சு. பழையதைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பாக்காதீங்க. குரோம்லயே இருக்கணும்னா யுபிளாக் ஆரிஜின் லைட். அதுல வடிகட்டிப் பட்டியல் (எதையெல்லாம் தடுக்கணும்ங்கற பட்டியல்) எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆகும்போதுதான் புதுசாகும். முழு யுபிளாக் வேணும்னா ஃபயர்பாக்ஸ்தான். யுபிளாக் செட்டிங்ஸ்ல 50 கேபிக்கு மேல உள்ள படம், வீடியோவைத் தடுக்கற வசதியும் இருக்கு. சிக்னல் மெலிஞ்ச கிராமத்துல இது பெரிய உதவி. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ்லயும் இதே யுபிளாக் ஓடும்.

சான்றிதழ் பிரிண்ட் புது விண்டோல வரும். அதனால தனியா பாப்-அப் தடுப்பான் போடாதீங்க. குரோம்ல உள்ளதே போதும், அட்ரஸ் பார் வலது ஓரத்துல ஐகான் வந்தா அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

மன்னை_சேவை:
நன்றிங்க. டோக்கன்?

குடந்தை_கணினி:
ஜாவா பிளகினைத் தேட வேண்டாம். அந்த வகைப் பிளகினைக் குரோம் 2015-லும் ஃபயர்பாக்ஸ் 2017-லும் எடுத்துவிட்டன. இப்போது எம்சைனர் என்ற சிறு நிரல் உங்கள் கணினியிலேயே ஓடும், பிரவுசர் அதனுடன் பேசும். டோக்கன் தெரியவில்லை என்றால் அது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். வலது கிளிக்கில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் தொடங்குங்கள். லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்டால் 'அலோ'. ஃபயர்பாக்ஸில் செய்கிறீர்கள் என்றால் இன்னொன்று: யுபிளாக்கில் 'பிளாக் அவுட்சைடர் இன்ட்ரூஷன் இன்டு லேன்' பட்டியல் டிக் ஆகியிருந்தால் இந்தப் பேச்சையே தடுத்துவிடும். வழக்கமாக அது அணைந்தே இருக்கும். யாராவது எல்லாப் பட்டியலையும் டிக் செய்திருந்தால் அதை எடுத்துவிட்டு, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள்.