மூன்று நாளில் பியர் ரிவியூ (வெளியிடுமுன் துறை நிபுணர்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது) முடியுமா?

பெங்களூரில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். சான்று அடிப்படையிலான செவிலியப் பணி பாடத்துக்கு நான் எடுத்த கேள்வி: படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை வகுப்பில் பேச வேண்டும்.

2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே எல்லாருக்கும் அடர்த்தியான ஃபோம் மெத்தை. எங்கள் வார்டிலோ ரெக்சின் உறை போட்ட பஞ்சு மெத்தை, நடுவில் பள்ளம் வேறு. நம் நிலைமைக்குப் பொருந்துகிற மாதிரி ஓர் இந்தியக் கட்டுரை கிடைத்தது. அப்புறம்தான் முதல் பக்கத்தின் அடியில் பார்த்தேன்: வந்து சேர்ந்தது மார்ச் 3, ஏற்கப்பட்டது மார்ச் 6. அதற்குள் யார் படித்தார்கள், யார் திருத்தினார்கள்?

இதழின் தளத்தில் 'இரு நிபுணர்கள் மதிப்பாய்வு' என்று போட்டிருக்கிறது. போடுவதற்கென்ன, யாரும் போடலாம். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் தேடினேன், இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டிலும் இல்லை, இருந்தாலும் அங்கே பியர் ரிவியூவுக்கென்று தனி ஃபில்டர் கிடையாது. இதழாசிரியருக்கு மெயில் அனுப்பிப் பத்து நாளாகிறது, பதிலில்லை. கைடு மேடம், "நீயே முடிவு பண்ணும்மா" என்கிறார்.

இந்தக் கட்டுரைக்கு உண்மையிலேயே பியர் ரிவியூ நடந்ததா என்று உறுதிசெய்ய வேறு வழி இருக்கிறதா?