கெனுலா போட்ட கை வீங்குது: வாட்டில் தர மேம்பாட்டு வேலையை எங்கிருந்து தொடங்குவது?

மலைமுகில்:
வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில், பொது மருத்துவ வாட்டில் தாதியாக வேலை செய்கிறேன். 40 கட்டில், இரவு டியூட்டிக்கு இரண்டு பேர். கெனுலா (மருந்து ஏற்ற நாளத்துக்குள் போடும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கி நாளம் கட்டிப்போவது அடிக்கடி நடக்கிறது. ஆறு மாதத்துக்குள் இதைக் குறைக்கும் வேலை ஒன்று செய்து, முடிந்தால் எழுதி வெளியிடவும் ஆசை. எதை, எப்படி எண்ணுவது? 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றும் வழக்கத்தை விட்டால் கெனுலா மிச்சமாகுமே, விடலாமா? அறநெறி அனுமதி எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா தாதி:
முதலில் எண்ணிக்கை, தங்கச்சி. அது பிசகினால் பின்னால் செய்யும் எல்லாம் பிசகும்.

1998இல் ஜாக்சன் என்பவர் வெளியிட்ட வி.ஐ.பி. புள்ளி முறையை எடுங்கள்; கெனுலா போட்ட இடத்தைப் பார்த்து அழற்சிக்கு 0 முதல் 5 வரை புள்ளி போடும் முறை அது. 0 என்றால் இடம் சுகமாக இருக்கிறது. 1 என்றால் லேசான வலியோ லேசான சிவப்போ, இரண்டில் ஒன்று: பார்த்துக்கொண்டிருக்கலாம். 2 என்றால் வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு: அப்போதே கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும். 3இல் நாளம் போகும் வழியெல்லாம் வலி, சிவப்பு, தடிப்பு. 4இல் அதோடு நாளம் கயிறு மாதிரிக் கையில் தட்டுப்படும். 5இல் காய்ச்சலும் சேரும். 2உம் அதற்கு மேலும் எல்லாமே உங்கள் கணக்கில் ஒரு நாள அழற்சி.

பெரும்பாலும் பிழைக்கிற இடம் கீழ் எண். "இந்த மாதம் 9 பேருக்கு வந்தது" என்றால் ஒன்றும் விளங்காது. தினமும் ஒரே நேரத்தில், காலை 7 மணி ஹேண்டோவரில், எத்தனை கெனுலா போட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு மாதம் கூட்டினால் கெனுலா நாட்கள் கிடைக்கும். உதாரணத்துக்கு 310 கெனுலா நாளில் 9 அழற்சி என்றால் 1000 நாளுக்கு 29. ஒரே கையை மூன்று நாள் மூன்று தரம் எண்ணிவிடாதீர்கள். ஒரு கெனுலாவுக்கு ஒரு தரம்தான். கழற்றின பிறகும் 48 மணித்தியாலம் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், சிலருக்கு அதற்குப் பிறகுதான் கிளம்பும்.

தொடங்குமுன் இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் 20 கைகளுக்குப் புள்ளி போட்டுப் பாருங்கள். நாலைந்துக்கு மேல் ஒத்துவராவிட்டால் உட்கார்ந்து பேசிச் சரிப்படுத்திவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். இன்னொன்று: எண்ணத் தொடங்கியதும் வீதம் கூடும். அது கூடினதல்ல, முன்பு எழுதாமல் விட்டது இப்போது ஏட்டில் ஏறுகிறது. அதனால் பழைய நோயாளர் பதிவுத் தாள்களை (பீ.எச்.ரீ.) புரட்டி "முன்பு" என்று எடுக்க வேண்டாம். இதே ஆட்கள், இதே தாளில் ஒரு மாதம் எடுத்ததுதான் உங்கள் "முன்பு".

பேராதனை வாசகன்:
72 மணித்தியாலக் கேள்விக்கு. 2012இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3283 நோயாளர்களிடம் செய்த சோதனை இருக்கிறது. மூன்றாம் நாள் கட்டாயம் மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் அழற்சி 7 வீதம்தான். இதை வைத்துப் பல நாடுகளில் வழக்கத்தை விட்டார்கள். ஆனால் ஜெனீவாவின் பல்கலைக்கழக வைத்தியசாலைகள் 2021இல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. கட்டாய மாற்றத்தை நிறுத்திய காலத்தில் கெனுலாவால் வரும் இரத்தத் தொற்று கூடியது. பழைய வழக்கத்துக்குத் திரும்பியதும் குறைந்தது.

"தேவைப்பட்டபோது" என்ற சொல்லுக்குள் ஒவ்வொரு டியூட்டியிலும் ஒருவர் அந்த இடத்தைப் பார்க்கிறார் என்ற நிபந்தனை இருக்கிறது. இரவில் 40 கட்டிலுக்கு இரண்டு பேர் என்கிறீர்கள். அந்தப் பார்வை உறுதியாகும்வரை வழக்கத்தைத் தொடாதீர்கள். கெனுலா மிச்சம் பிடிப்பதற்கு வேறு வழி இருக்கிறது, மற்றவர்கள் சொல்வார்கள்.

அனுமதி: வாட்டுக்குள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட முறையைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்ப்பது கணக்காய்வு. அதற்கு வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியின் எழுத்து அனுமதியும் தர முகாமைத்துவப் பிரிவுக்கு அறிவிப்பும் வேண்டும். நோயாளரைக் குலுக்கிப் பிரித்து வெவ்வேறு முறை கொடுத்தால் அது ஆய்வு. அறநெறிக் குழு இல்லாமல் நடக்காது. வெளியிடும் எண்ணம் இருப்பதால் எதுவானாலும் தொடங்குமுன் குழுவுக்கு எழுதுங்கள், "அனுமதி தேவையில்லை" என்ற விலக்குக் கடிதமாவது கையில் இருக்கும். வேலை முடிந்தபின் கேட்டால் தரமாட்டார்கள். எழுதும்போது, தர மேம்பாட்டு வேலைகளை எழுதி வெளியிடுவதற்கான ஸ்கொயர் (SQUIRE) 2.0 வழிகாட்டியின் தலைப்புகளைப் பின்பற்றுங்கள்.

லயத்துப் பிள்ளை:
நம்ம பக்கத்துக்கே உரிய சில விஷயம்.

புள்ளி முறை சிவப்பை நம்பி இருக்கு. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அதனால கண்ணை மட்டும் நம்பாம, புறங்கையை வச்சுச் சூடு பாருங்க, ரெண்டு விரலால நாளத்தைத் தடவித் தடிப்புப் பாருங்க, மற்றக் கையோட ஒப்பிடுங்க.

அடுத்தது வலி. "வலிக்குதா?"ன்னு கேட்டா தோட்டத்து அம்மாமார் "இல்ல மிஸ்ஸி"ன்னுதான் சொல்லுவாங்க, தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு. "எரியுதா, கடுக்குதா, இழுக்குதா, மருந்து ஏறும்போது கை கனக்குதா?"ன்னு பிரிச்சுக் கேட்டா சரியான பதில் வரும். சிங்களம் மட்டும் தெரிஞ்ச மிஸ்மாருக்கு இந்த நாலு சொல்லையும் சிங்கள எழுத்துல எழுதி மருந்துத் தள்ளுவண்டியில ஒட்டுங்க. இதைச் செய்யலன்னா உங்க கணக்கில தமிழ் நோயாளருக்கு அழற்சி குறைவு மாதிரித் தெரியும். அது பொய்க் கணக்கு.

குளிர். நாளம் சுருங்கியிருக்கும், மூணு நாலு தரம் குத்த வேண்டி வரும். வெதுவெதுப்பான துவாயைப் பத்து நிமிஷம் சுத்தி வச்சா நாளம் மேல வரும். நீரிழிவுக்காரருக்குக் கைபொறுக்கிற சூட்டை நீங்களே தொட்டுப் பார்த்துட்டு வைங்க, அவங்களுக்குச் சுடுறது தெரியாது. கொழுந்து பறிக்கிற கையில விரல் இடுக்கெல்லாம் கறை இருக்கும். முதல்ல சவர்க்காரம் போட்டுக் கழுவணும், அழுக்கு மேல ஸ்பிரிட் பூசிப் பலனில்ல. ஸ்பிரிட் காயவும் குளிர்ல நேரம் எடுக்கும். 30 விநாடி தேய்ச்சு, தானாக் காயும்வரை நில்லுங்க. ஊதவே கூடாது. ராத்திரியில ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிடுவாங்க, கெனுலா கண்ணுக்கே படாது. சுத்துக்குப் போகும்போது கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க.

மலைமுகில்:
மிக்க நன்றி. ஸ்வெட்டர் விஷயம் உண்மை, காலையில்தான் வீக்கம் தெரியவரும். எண்ணி முடித்தபின் முதலில் எதை மாற்றுவது?

ஊவா தாதி:
சும்மா கிடக்கிற கெனுலாவை. 24 மணித்தியாலமாக அதற்குள் ஒன்றும் போகாமல், "இருக்கட்டும்" என்று விட்டது எத்தனை என்று உங்கள் காலைத் தாளில் ஒரு நிரல் சேருங்கள். வாட் ரவுண்டில் ஒவ்வொரு கட்டிலிலும் "இது இன்னும் தேவையா? மாத்திரைக்கு மாற்றலாமா?" என்று டொக்டரிடம் கேட்பது முதல் மாற்றம். செலவே இல்லை, கெனுலாவும் மிச்சம். ஆனால் கழற்றி அரை நாளில் மறுபடி குத்த வேண்டி வந்தவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். அது கூடினால் அவசரப்பட்டுக் கழற்றுகிறோம் என்று அர்த்தம். வலிப்பு, இரத்தக் கசிவு, நெஞ்சுவலி நோயாளரில் டொக்டர் வைக்கச் சொன்னால் வைக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, போடும் இடமும் அளவும். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு வேண்டாம்; அதிகம் பாவிக்காத கையின் முன்கை நல்லது. சாதாரண மருந்துக்கு 20 கேஜ் ரோஸோ 22 கேஜ் நீலமோ போதும். பெரிய கெனுலா சின்ன நாளத்தில் சுவரை உரசும்.

மூன்றாவது மருந்து. குளொக்சசிலின், வன்கொமைசின், பொட்டாசியம், அமியோடரோன் நாளத்தை எரிப்பவை. குளொக்சசிலினை அரை நிமிடத்தில் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவதுதான் வழமையான பிழை. குளொக்சசிலினை நன்றாகக் கரைத்து மூன்று நான்கு நிமிடம் எடுத்துக் கொடுங்கள். முன்னும் பின்னும் நோர்மல் சேலைன், 10 மி.லீ. சிரிஞ்சில். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள்; எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வீதத்தை வரைபடத்தில் மூன்று நாளைக்கு ஒரு புள்ளி என்று வரைந்தால் 30 நாளில் 10 புள்ளி, அதன் நடு எண்ணை (இடையம்) கோடாகப் போடுங்கள். பிறகு தொடர்ந்து 6 புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் மாற்றம் உண்மை. ஒன்றிரண்டு இறங்கியதும் கொண்டாட வேண்டாம். அழற்சி எண்ணிக்கை சின்னது என்பதால் குதித்துக்கொண்டே இருக்கும். சும்மா கிடக்கிற கெனுலாவின் வீதம்தான் முதலில் அசையும். அதை மேலேயும் அழற்சியை அதன் கீழேயும் ஒரே தாளில் வரைந்து சிஸ்டரின் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். தாளில் தாதியரின் பெயர் எதுவும் வேண்டாம். யார் போட்ட கெனுலா என்று எழுதினால் அடுத்த வாரமே 2ஐ 1 என்று எழுதத் தொடங்குவார்கள்.